வீடு போகாது, அட்வான்ஸ்தான் போகும்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் எல்லாரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்: "அக்ரிமென்ட் எல்லாம் எதுக்கு சார், நாம என்ன ஓடியா போகப்போறோம்?" வீடு பிடித்துப்போயிருக்கும். தண்ணீர் கஷ்டம் இல்லை, பஸ் ஸ்டாப் பக்கம், வாடகையும் கையைக் கடிக்காது. அந்த நேரத்தில் காகிதம் கேட்டால் வில்லங்கம் பிடித்த ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். அப்புறம் ஏதாவது ஒரு நாள் உரசல் வரும்போது எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறோம். எழுத்தில் ஒன்றுமில்லை, அதனால் நமக்கு உரிமையும் ஒன்றுமில்லை, ஓனர் போகச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதில் பாதி தப்பு. ஒப்பந்தம் எழுதாமல் குடியிருப்பவரை வீட்டைவிட்டு அனுப்புவது பலர் நினைப்பதுபோல அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் அவர் கொடுத்த அட்வான்ஸை இல்லை என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். நாம் பயப்படுவது வீட்டுக்காக. பயப்பட வேண்டியது பணத்துக்காக.

எனக்கு இது தெரியவந்த கதையைச் சொல்கிறேன். சூளைமேட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் பல வருஷம் இருந்தோம். கீழே ஓனரும் அவர் மனைவியும். ஓனர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், எதையும் நோட்டில் எழுதிவைக்கிற மனிதர். மாதம் பிறந்தால் வாடகையை எடுத்துக்கொண்டு கீழே போவேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடமே திருப்பித் தருவார். அந்த நோட்டைத் தவிர எங்களுக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. குடிபோகும்போது கொடுத்த ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸுக்கும் ரசீது இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை, அவ்வளவு நல்ல மனிதர்.

நல்ல மனிதர்கள் இறந்துபோகிறார்கள். காரியம் முடிந்த பிறகு பெங்களூரிலிருந்து மகன் வந்தார். "சார், வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப்போறோம். பத்து நாள்ல காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார், பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்வதுபோல. பள்ளிக்கூடம் நடக்கிறது, பத்து நாளில் எங்கே போவது என்று கேட்டேன். "எங்ககிட்ட உங்க அக்ரிமென்ட் எதுவும் இல்லையே சார்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் சுவிட்ச் கீழே அவர்கள் வராந்தாவில் இருந்தது.

என் மனைவியின் சித்தப்பா ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் வாடகை வழக்குகளாகவே பார்த்துத் தலை நரைத்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது மூன்றே கேள்வி. குடியிருக்கிறீர்களா, வாடகை கொடுத்தீர்களா, அவர்கள் வாங்கிக்கொண்டார்களா? "அப்போ நீங்க வாடகைதாரர்தான் மாப்ளே. பேப்பர் இல்லைன்னா அத்துமீறி நுழைஞ்சவர்னு ஆயிடுமா?"

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தை அவர் ஏதோ சொந்த ஊர்க் கதைபோலச் சொன்னார். அதன் 107-ஆவது பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால்தான் பதிவுசெய்த பத்திரம் கட்டாயம். அதற்குக் குறைந்தது வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம், வீட்டை ஒப்படைத்தால் போதும். ஊரெல்லாம் பதினோரு மாத அக்ரிமென்ட் போடுவதன் ரகசியமும் இதுதான், பன்னிரண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முந்தைய 106-ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத குடியிருப்பு வாடகையை மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகக் கருதுகிறது. அதை முடிக்க 15 நாள் நோட்டீஸ் வேண்டும். அந்த நோட்டீஸ் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்ப்பேச்சில் உள்ளே விடலாமாம், வாய்ப்பேச்சில் வெளியே அனுப்ப முடியாதாம்.

அந்த 15 நாள் முடிந்தால் பூட்டை உடைத்துச் சாமானை வெளியே எறியலாமா என்றால் அதுவும் இல்லை. நோட்டீஸ், வாடகை உறவை முடித்துவைக்கிறது, அவ்வளவுதான். ஆளை வெளியேற்ற வேண்டுமென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதையும் மீறி வெளியே தள்ளிவிட்டால் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தில் 6-ஆவது பிரிவு இருக்கிறது. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வரலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் வராது. நேற்று வரை உள்ளே இருந்தது யார், எப்படி வெளியே போனார் என்பதுதான் கேள்வி. ஓனர் இறந்ததாலும் வாடகை முடிந்துபோவதில்லை, வாரிசுகள் அவர் இடத்துக்கு வருகிறார்கள். உரிமை மட்டும் வருவதில்லை, கடனும் சேர்ந்தேதான் வருகிறது. அட்வான்ஸ் அதில் ஒரு கடன்.

மோட்டார் விவகாரத்துக்கும் விடை இருந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு 2017-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியத் தேவைகளை ஓனர் நிறுத்தக் கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார்.

ஆனால் சித்தப்பா என்னை அங்கே அனுப்பவில்லை. காரணம் அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு. இனி எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும் என்கிறது அது. பழைய வாய்மொழி வாடகைகளையும் எழுத்துக்குக் கொண்டுவரச் சொல்லி அவகாசம் கொடுத்தது. எழுதத் தவறினால் அதையே காரணம் காட்டி ஓனர் காலி செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்று 21-ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. "நீங்க தண்ணிக்குப் போய் நிப்பீங்க, அவங்க வீட்டுக்கு மனு போடுவாங்க" என்றார். எழுத்தே இல்லாத வாடகைக்கு இந்தச் சட்டத்தின் நீதிமன்றமா, சாதாரண சிவில் கோர்ட்டா என்பதே வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடுகிற விஷயம் என்றும் சொன்னார்.

எனக்கு இதில் ஒரு ஆற்றாமை உண்டு. அக்ரிமென்ட் வேண்டாம் என்று சொல்வது பெரும்பாலும் ஓனர்தான். வருமான வரி, சொத்து வரி என்று அவருக்கு ஆயிரம் பயம். எழுதாததன் தண்டனையோ குடியிருப்பவர் தலையில் விழுகிறது. சட்டம் போட்டவர்கள் இதை யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் கண்முன் நின்றது வேறு காட்சி. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவருக்குக் கொடுத்த பாதுகாப்பு அப்படிப்பட்டது. தாத்தா காலத்தில் நூறு ரூபாய் வாடகைக்கு வந்த குடும்பம் பேரன் காலத்திலும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துக்கொண்டு நகரத்தின் நடுவில் இருக்கும். ஓனர் சொந்த வீட்டுக்குள் நுழைய வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவார். அந்தக் கோபம் 2017 சட்டத்தில் தெரிகிறது. பழைய சட்டத்தை அது மொத்தமாகவே நீக்கிவிட்டது. ஓனர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். சித்தப்பா ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார், பதிவுத் தபாலில் மகனுக்கு அனுப்பினேன். நாங்கள் இத்தனை வருஷமாகக் குடியிருக்கும் வாடகைதாரர்கள், மாத வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம் உங்கள் தந்தையிடம் இருக்கிறது, தண்ணீரை நிறுத்தியது சட்டவிரோதம், காலி செய்ய மூன்று மாதம் தேவை. கோபமான ஒரு சொல்லும் இல்லாத கடிதம். கடிதம் போய்ச் சேர்ந்த வாரம் மோட்டார் ஓடியது. போலீஸுக்கும் போகவில்லை. போயிருந்தால் இது சிவில் மேட்டர் சார் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பது சித்தப்பாவின் கணிப்பு.

இங்கே சாட்சியம் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தீர்கள் என்று காட்ட ஒப்பந்தம் ஒன்றுதான் வழி என்பதில்லை. கூகுள் பே மூலம் மாதாமாதம் ஒரே தொகை ஒரே ஆளுக்குப் போனது ஒரு சாட்சி. கேஸ் புத்தகம், ஆதார் முகவரி, பிள்ளையின் பள்ளி விண்ணப்பம், "இந்த மாசம் ரெண்டு நாள் லேட்டாகும் சார்" என்று அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாமே சாட்சிதான். வேளச்சேரியில் 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று ஐந்து பேர் வாடகை வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, குடிவருபவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி சென்னையில் ஓனர்களுக்கு உத்தரவு போனது. குடியிருப்பவர்களைச் சந்தேகிக்கப் பிறந்த படிவம் அது. ஓனரே கையெழுத்திட்டு, இவர் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்று எழுதிக்கொடுக்கிற காகிதமும் அதுதான். ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஓனரின் நாற்பது பக்க நோட்டு இதையெல்லாம்விட மேல். மாதாமாதம் அவர் கையெழுத்து. மகன் அதைப் பார்த்ததும் வாடகைதாரர் இல்லை என்கிற பேச்சை விட்டுவிட்டார். ஆனால் அந்த நோட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாடகை மட்டும்தான் இருந்தது. "அட்வான்ஸ் பத்தி அப்பா எங்கயும் எழுதலையே சார்."

இதுதான் நான் சொல்ல வந்த இடம். குடியிருப்பதற்கு நாளும் ஒரு தடயம் விழுந்துகொண்டே இருக்கிறது. அட்வான்ஸ் ஒரே ஒரு நாள், பெரும்பாலும் ரொக்கமாக, வெற்றிலைபாக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப்படுகிறது. அந்த ஒரு நாளுக்குச் சாட்சி இல்லையென்றால் இல்லைதான். தொகையோ சின்னதில்லை. சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது வெகுகாலமாக எழுதப்படாத விதி. 2017 சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. நல்லதுதானே என்று நினைக்கும்போதே, வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகப் பத்து மாதமும் தாராளமாக உள்ளே வருகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அடுத்த குடி வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தருவேன் என்பது நம் ஊர்ச் சட்டம்.

இதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. காலி செய்யப்போகிறோம் என்று தெரிந்ததும் வாடகையை நிறுத்திவிட்டு, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது. நானும் அதைத்தான் செய்யப்போனேன். சித்தப்பா தடுத்தார். ஓனர் ஒத்துக்கொண்டால் கழிவு, ஒத்துக்கொள்ளாவிட்டால் வாடகை பாக்கி. இரண்டு மாத பாக்கி என்பது காலி செய்யச் சொல்ல 2017 சட்டமே கொடுக்கிற காரணம். அட்வான்ஸ் வாங்கியதையே மறுக்கிற ஆளிடம் அதில் கழித்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்? எனவே அவர் சொன்னது தலைகீழ் யோசனை. வாடகையை ஒழுங்காக அனுப்புங்கள், வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்புங்கள், பிறகு அட்வான்ஸைத் தனியாகக் கேளுங்கள். பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது.

வழக்கு வரை போகவில்லை. எங்களைக் காப்பாற்றியது சட்டம் இல்லை, அந்த அம்மா. மகனும் நானும் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வந்து, "தம்பி குடுத்தது நெஜம்டா. அப்பா எண்ணிக் குடுத்தார், பீரோவுல வெச்சது நான்" என்றார். மகனுக்கு முகம் மாறிவிட்டது, பாவம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பெங்களூரில் இருப்பவருக்கு அப்பாவின் பீரோவில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூன்று மாத வாடகை 42,000 கழிந்தது. மீதி 58,000. அதில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்கு என்று பிடித்துக்கொண்டார்கள்.

இடிக்கப்போகிற வீட்டுக்குப் பெயிண்டிங்! என் மனைவி வாயைத் திறக்கப்போனாள், நான் காலை மிதித்தேன். 44,000 இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது. அவள் இன்றும் அந்த 14,000-ஐ விடவில்லை, எந்த ஃப்ளாட்டின் வெளிச்சுவரைப் பார்த்தாலும் நம்ம பெயிண்ட் என்கிறாள். சட்டப்படிப் பார்த்தால் அவள் பக்கம்தான் நியாயம். வழக்கமான உபயோகத்தில் சுவர் மங்குவது குடியிருந்தவர் செய்த சேதம் ஆகாது.

சிலர் அட்வான்ஸையும் தாண்டிப் பெரிய ஆபத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறார்கள். சென்னையில் "லீஸுக்கு வீடு" என்றும் மதுரைப் பக்கம் ஒத்தி என்றும் சொல்வது. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, போகும்போது பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. கேட்க இனிப்பாக இருக்கும். என் பெரியம்மா மகன் இப்படி ஒரு வீட்டுக்கு நகையை விற்றுப் பணம் கொடுத்தான், எழுதியது இருபது ரூபாய் முத்திரைத்தாளில். ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட அடமானத்துக்குப் பதிவுசெய்த பத்திரமும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வேண்டும் என்று அதே 1882 சட்டத்தின் 59-ஆவது பிரிவு சொல்கிறது. லட்சங்களை இருபது ரூபாய்த் தாளில் எழுதிக்கொள்கிறோம்.

ஓனர் அந்த வீட்டின் மேல் வங்கியில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஒரு நாள் கதவில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். வாய்மொழியாகவோ பதிவில்லாத காகிதத்திலோ வாடகைக்கு இருப்பவர், ஓராண்டுக்கு மேல் அந்த வீட்டில் இருக்க உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சாதாரண வாடகைக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம். எட்டு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்தவர் என்ன செய்வார்? ஒத்திக்குப் போகிறவர்கள் பத்திரம் பதியச் சொல்ல வேண்டும், அதற்கு முன் வில்லங்கம் பார்க்க வேண்டும். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் அதைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். பெரியம்மா மகனுக்கு அதைச் செய்துகொடுத்தேன். நல்ல வேளை, வீட்டின் மேல் கடன் எதுவும் இல்லை. பத்திரம் பதிய மட்டும் அந்த ஓனர் இன்னும் வழிக்கு வரவில்லை.

இப்போது நாங்கள் நங்கநல்லூரில் இருக்கிறோம். இந்த ஓனரும் அக்ரிமென்ட் எதுக்கு என்றுதான் ஆரம்பித்தார். கொஞ்சம் பேசியதும் பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். வாடகை அதிகாரியிடம் பதிவு என்றதும் பின்வாங்கிவிட்டார். அதற்காக வீட்டை விட மனமில்லை. அட்வான்ஸை மட்டும் ரொக்கமாகக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி வங்கி மூலம் அனுப்பினேன், காரணம் எழுதுகிற இடத்தில் வீட்டு அட்வான்ஸ் என்று போட்டேன். அன்று மாலையே அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "சார், வணக்கம். உங்கள் வீட்டின் முதல் மாடிக்கு அட்வான்ஸ் இவ்வளவு, மாத வாடகை இவ்வளவு, இன்று முதல் குடிவருகிறோம். காலி செய்யும்போது அட்வான்ஸைத் திருப்பித் தருவதாகப் பேசிக்கொண்டோம். பெயிண்டிங்குக்குப் பிடித்தம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"அட்வான்ஸ் கிடைத்தது, சந்தோஷம், பால் காய்ச்சுங்கள்" என்று பதில் வந்தது. பெயிண்டிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடி கேட்கச் சொல்லி மனைவி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.